ஏ.பி.யா, டூயல் கிரெடிட்டா? டெக்சாஸில் 11-ஆம் வகுப்புக்கு நாங்கள் போட்ட கணக்கு

ஜனவரி பிறந்தால் டாலஸ் புறநகர்த் தமிழ்ப் பள்ளிகளின் தாழ்வாரத்தில் பேச்சு மாறிவிடும். பிள்ளைகள் உள்ளே ணகர னகர வேறுபாட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள். வெளியே காபிக் கோப்பையோடு நிற்கும் பெற்றோர், யார் வீட்டுப் பிள்ளை அடுத்த ஆண்டு எத்தனை ஏ.பி. பாடங்கள் எடுக்கிறது என்று ஒருவரையொருவர் ஆழம் பார்ப்பார்கள். "எங்கள் பையன் ஆறு" என்று ஒருவர் சொன்னால், நான்கு எடுக்கவிருக்கும் பெண்ணின் அப்பாவுக்கு அன்று மதியச் சோறு இறங்காது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அந்த அப்பா நான்தான்.

என் மகள் இப்போது மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் பொறியியல் முதலாண்டு படிக்கிறாள். மகன் பத்தாம் வகுப்பு. அடுத்த ஆண்டுப் பாடத்தேர்வுப் படிவம் மறுபடியும் சமையலறை மேசைக்கு வந்துவிட்டது. கல்லூரி விண்ணப்பத்தை 12-ஆம் வகுப்பில் நிரப்பினாலும், அதில் காட்டுவதற்கு இருப்பது பெரும்பாலும் 11-ஆம் வகுப்பில் எடுத்த பாடங்கள்தான். எனவே இந்தப் படிவத்தை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

புதிதாக வந்தவர்களுக்கு மட்டும் இரண்டு வரி. ஏ.பி. (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) என்பது உயர்நிலைப் பள்ளியிலேயே கல்லூரித் தரத்தில் நடத்தப்படும் பாடம். மே மாதம் நாடு முழுவதற்கும் ஒரே தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பெண், முடிவு ஜூலையில். மதிப்பெண் போதுமானால் கல்லூரி அந்தப் பாடத்தை முடித்ததாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம். டூயல் கிரெடிட் என்பது பள்ளியில் இருந்தபடியே அருகிலுள்ள கம்யூனிட்டி கல்லூரியின், அதாவது உள்ளூர் அரசுக் கல்லூரியின், பாடத்தைப் படிப்பது. பள்ளிக்கும் கல்லூரிக்கும் ஒரே பாடம் கணக்காகும். தனித் தேர்வு கிடையாது, அரையாண்டு முழுதும் வாங்கும் கிரேடுதான் முடிவு. செலவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏ.பி. தேர்வுக்கு ஏறத்தாழ 100 டாலர். டூயல் கிரெடிட் கட்டணம் பள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும், ஆனால் பல்கலைக்கழகத்தில் அதே பாடத்துக்குக் கட்டுவதோடு ஒப்பிட்டால் சில்லறைக் காசு.

நம்மவர்கள் ஏன் ஏ.பி.யை இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். நாங்கள் பிளஸ் டூ பொதுத்தேர்வு எழுதி வந்த தலைமுறை. முன்பின் தெரியாத ஒருவர், பெயர் தெரியாத விடைத்தாளைத் திருத்திப் போடும் மதிப்பெண்தான் எங்களுக்கு மதிப்பெண். வகுப்பாசிரியர் போடும் அகமதிப்பீட்டை நாங்கள் என்றைக்குமே முழுதாக நம்பியதில்லை. ஏ.பி. எங்கள் பொதுத்தேர்வைப் போலவே இருக்கிறது. டூயல் கிரெடிட் அகமதிப்பீட்டைப் போல இருக்கிறது. எனவே அது படிப்பில் மட்டமான பிள்ளைகளுக்கு என்று நாங்களே ஒரு முத்திரை குத்திவிட்டோம். நானும் குத்தினேன். அந்த ஜனவரியில் மகளின் படிவத்தில் அமெரிக்க வரலாறு, ஆங்கிலம், நுண்கணிதம், இயற்பியல் என நான்குக்கும் ஏ.பி. என்றுதான் நிரப்பிக் கொடுத்தோம்.

ஜூலையில் வண்டி திரும்பியது. பத்தாம் வகுப்பில் அவள் ஏ.பி. உலக வரலாறு படித்திருந்தாள். ஆண்டு முழுதும் வகுப்பில் ஏ கிரேடு. வண்ண வண்ணக் குறிப்பு அட்டைகள், ஒட்டோமான்களும் முகலாயர்களும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் வரிசையாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்வில் ஏழு ஆவணங்களைப் படித்து வாதம் எழுதும் ஒரு பெரிய கேள்வி உண்டு. அதற்கும் கடைசிக் கட்டுரைக்கும் சேர்த்து 100 நிமிடம், எதற்கு எவ்வளவு என்பது அவரவர் பாடு. இவள் ஏழு ஆவணங்களில் மூழ்கிவிட்டாள். நிமிர்ந்தபோது கட்டுரைக்குப் பத்து நிமிடம் மீதி. கிடைத்தது 3. "ஒரு வருஷம் படித்தது பத்து நிமிஷத்தில் போய்விட்டது அப்பா" என்றாள். அன்று இரவுதான் நான் முதல்முறையாக, இந்த மதிப்பெண்ணை எங்கே கொண்டுபோய் மாற்றுவது என்று தேட உட்கார்ந்தேன். எத்தனை ஏ.பி. என்று கேட்ட தாழ்வாரத்தில் ஒருவரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை.

கையில் எவ்வளவு இருக்கிறது என்பது இரண்டாம் பட்சம். அது செல்லும் காசா, செல்லாக்காசா?

டெக்சாஸ் அரசுப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் ஒவ்வொருவரும், பொறியியலோ இசையோ எதைப் படித்தாலும், 42 கிரெடிட் (பட்டத்துக்காகப் பாடங்களை எண்ணும் அலகு) பொதுப் பாடங்களை முடித்தாக வேண்டும். மாநிலச் சட்டம் கேட்கும் 6 கிரெடிட் அமெரிக்க வரலாறும், 6 கிரெடிட் அரசியலமைப்பும் இதில் அடக்கம். ஒரு பாடம் வழக்கமாக 3 கிரெடிட். என் மகளின் உலக வரலாறு அந்த ஆறில் சேராது. அவள் 5 வாங்கியிருந்தாலும் சேர்ந்திருக்காது. ஓராண்டு குளிர்பெட்டிக் கதவு முழுக்க ஒட்டியும், இந்தக் கணக்கில் வரவு பூச்சியம்.

அமெரிக்க வரலாற்று ஏ.பி. சேரும். 2015-இல் வந்த மாநிலச் சட்டப்படி 3 வாங்கினாலே பொதுவாகக் கிரெடிட் கொடுக்க வேண்டும். ஆனால் பல்கலைக்கழகம் தக்க ஆதாரம் காட்டினால் அந்த வரம்பை உயர்த்தலாம். 3 கிரெடிட்டா, 6 கிரெடிட்டா என்பதும் இடத்துக்கு இடம் மாறும். அரசியல் பாடத்தில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. சட்டம் டெக்சாஸ் மாநிலத்தின் அரசியலமைப்பையும் படிக்கச் சொல்கிறது. ஏ.பி. அமெரிக்க அரசியல் பாடத்திலோ டெக்சாஸ் என்ற பேச்சே இல்லை, ஏனென்றால் அது நாடு முழுமைக்குமான பாடம். அதில் 5 வாங்கிய பிள்ளையும் கல்லூரிக்குப் போய் டெக்சாஸ் பகுதியைத் தனியே முடிக்க வேண்டியிருக்கிறது.

டூயல் கிரெடிட்டில் இந்தக் குழப்பம் இல்லை. மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண் முறை ஒன்று இருக்கிறது. ஆங்கிலம் 1301, 1302, வரலாறு 1301, 1302, அரசியல் 2305, 2306. எந்தக் கம்யூனிட்டி கல்லூரியில் படித்தாலும் எண் அதேதான், 2306 என்றால் டெக்சாஸ் அரசியல்தான். ஓர் அரசுக் கல்லூரியில் முடித்த பொதுப் பாடத்தை இன்னோர் அரசுப் பல்கலைக்கழகம் ஏற்க வேண்டும் என்பது சட்டம். நம் ஊர் ரூபாய் நோட்டு திருச்சியில் வாங்கினாலும் திருநெல்வேலியில் செல்வதைப் போல.

ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்கு முன் பள்ளி ஆலோசகரைப் போய்ப் பார்த்து வரலாற்றையும் ஆங்கிலத்தையும் மாற்றினோம். கல்லூரிப் பாடத்துக்குத் தயார் என்று காட்டும் டி.எஸ்.ஐ. தேர்வை அவசர அவசரமாக எழுத வைத்தோம். 12-ஆம் வகுப்பில் அரசியலையும் அப்படியே எடுத்தாள். ஆக மொத்தம் ஆறு பாடம், 18 கிரெடிட், முழுநேர மாணவர் ஓர் அரையாண்டில் எடுப்பதைவிட அதிகம். கல்லூரி சேர்ந்த கோடையில் ஆலோசகர் அவளுடைய பட்டக் கணக்கைத் திரையில் திறந்தபோது வரலாற்றுக் கட்டமும் அரசியல் கட்டமும் பச்சையாக இருந்தன. இதற்காக நாங்கள் ஒரு விளக்கக் கடிதம்கூட எழுதவில்லை.

இனி வலிக்கும் பக்கம். ஏ.பி. மதிப்பெண் பிடிக்கவில்லையென்றால் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிடலாம், பல கல்லூரிகளில் விண்ணப்பத்தில் சொல்ல வேண்டிய கட்டாயம்கூட இல்லை. டூயல் கிரெடிட் கிரேடு அப்படியல்ல. 16 வயதில் வாங்கியது நிஜமான கல்லூரி மதிப்பெண் பதிவேட்டில் ஏறிவிடும், அழியாது. பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்தால், பள்ளிக் காலத்தில் படித்த கல்லூரிப் பாடங்களின் கிரேடையும் கேட்டு வாங்கிச் சராசரியில் சேர்ப்பார்கள்.

எங்கள் வீட்டில் இது ஓர் ஞாயிற்றுக்கிழமை இரவு புரிந்தது. வரலாறு பள்ளி வகுப்பறையிலேயே நடந்தது, அதற்குத் தகுதி பெற்ற பள்ளி ஆசிரியரே நடத்தினார். ஆங்கிலம் முழுக்க இணையவழி. கெடு என்றால் இரவு 11:59. மகள் 11:40 வரை மேற்கோள் குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்துவிட்டுக் கட்டுரையை ஏற்றினாள். அதே கெடுவில் இருந்த விவாதப் பதிவை மறந்தே போனாள். மறுநாள் அதற்குப் பூச்சியம். பள்ளியில் தாமத வேலைக்குப் பத்து மதிப்பெண் குறைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடுவார்கள். இங்கே அந்தத் தாட்சண்யம் இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை. பணிவாக, மூன்று பத்தியில், பேராசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதினேன். இரண்டே வரியில் பதில் வந்தது: மாணவியின் கல்விப் பதிவைப் பற்றி உங்களோடு பேச இயலாது, மாணவியையே எழுதச் சொல்லுங்கள். 1974-ஆம் ஆண்டின் ஃபெர்பா என்னும் கல்விப் பதிவு அந்தரங்கச் சட்டப்படி, கல்லூரிப் பாடத்தில் சேர்ந்த பிள்ளையின் பதிவு 18 வயது ஆகாவிட்டாலும் பிள்ளைக்கே உரியது. மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த அரையாண்டு ஆங்கிலத்தில் பி. அது இன்னும் பதிவேட்டில் இருக்கிறது, இனியும் இருக்கும்.

இருந்தும் அந்த பி எங்களுக்கு லாபக் கணக்கில்தான் வருகிறது. பாடத்துக்குரிய கிரெடிட்டைப் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. தவிர, முதலாண்டு விடுதியில் மற்றவர்கள் 11:59 கெடுவைப் புதிதாகப் பழகிக்கொண்டிருந்தபோது இவளுக்கு அது பழைய கதை.

கணிதத்தையும் இயற்பியலையும் ஏ.பி.யில்தான் விட்டோம், அதில் வருத்தமில்லை. கல்லூரியின் முதல் இரண்டு நுண்கணிதப் பாடங்களையும் தழுவிய ஏ.பி. நுண்கணிதம் பி.சி. பாடத்தின் நாடு தழுவிய தேர்வு ஒரு நல்ல உரைகல். பொறியியல் போகும் பிள்ளைக்குத் தன் அடித்தளம் எப்படி என்று உண்மையாகத் தெரிய வேண்டும். மகளுக்கு 5 வந்தது. ஆனாலும் முதல் நுண்கணிதத்துக்கு மட்டும் கிரெடிட்டை எடுத்துக்கொண்டு, இரண்டாவதைக் கல்லூரியில் மறுபடி படித்தாள். வேண்டியதை எடுத்து வேண்டாததை விடும் இந்த வசதி கம்யூனிட்டி கல்லூரி டூயல் கிரெடிட்டில் கிடையாது.

டெக்சாஸ் எல்லையைத் தாண்டிவிட்டால் என் சொல்லுக்கு எடை குறைவு. எங்கள் வீட்டில் யாரும் வெளிமாநிலத் தனியார் கல்லூரிக்குப் போனதில்லை. அங்கே கம்யூனிட்டி கல்லூரிக் கிரெடிட்டை ஏற்கச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. பள்ளிப் பட்டத்துக்கும் கணக்கான பாடத்தை ஏற்க மாட்டோம் என்கிற கல்லூரிகளும் உண்டு. ஏ.பி. நாடெங்கும் தெரிந்த பெயர் என்பதால் விண்ணப்பத்தில் அதற்கு மவுசு இருக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் கிரெடிட் கிடைக்கும் என்று நம்பி அங்கே போக வேண்டாம். கால்டெக்கும் டார்ட்மவுத்தும் ஏ.பி.க்குக் கிரெடிட்டே கொடுப்பதில்லை. மருத்துவம்தான் லட்சியம் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், நான் அறிவியல் பாடங்களை டூயல் கிரெடிட்டில் எடுக்க விடமாட்டேன். இது அனுபவமல்ல, பயம்.

நடுவழி ஒன்றும் இருக்கிறது. ஆஸ்டின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆன்ராம்ப்ஸ் திட்டத்தில், வந்த கிரேடைப் பார்த்த பிறகு கிரெடிட்டை ஏற்கலாம், மறுக்கவும் செய்யலாம். எங்கள் பள்ளியில் இல்லாததால் நாங்கள் முயலவில்லை. உங்கள் பள்ளியில் இருந்தால் முதலில் அதை விசாரியுங்கள்.

ரேங்க் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் யாராவது என்னை அடிக்க வருவார்கள். 1997 சட்டப்படி வகுப்பில் முதல் பத்து சதவீதத்தில் வருபவருக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டினில் மட்டும் அந்த வரம்பு சுருங்கிக்கொண்டே வந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு ஐந்து சதவீதம் ஆகிவிட்டது. அங்கே 11-ஆம் வகுப்பு முடிவில் இருக்கும் ரேங்க்தான் கணக்கு. அதுவும் பல்கலைக்கழகத்துக்குத்தான் உறுதி, கணினி அறிவியல் துறைக்கு அல்ல. எங்கள் மாவட்டத்தில் ரேங்க் கணக்கிட டூயல் கிரெடிட்டுக்கும் ஏ.பி.க்கும் ஒரே எடை. சில மாவட்டங்களில் ஏ.பி.க்குக் கூடுதல். அங்கே நீங்கள் இருந்து, பிள்ளை அந்த ஐந்து சதவீதக் கோட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தால் நான் மேலே எழுதியதை மறந்துவிட்டு ஏ.பி.யையே எடுங்கள்.

மகனின் படிவம் இன்னும் மேசையில்தான் இருக்கிறது. நுண்கணிதத்தில் ஏ.பி., வரலாற்றில் டூயல் கிரெடிட் என்று இரண்டு கட்டங்களை அவனே நிரப்பிவிட்டான். ஆங்கிலக் கட்டம் காலியாக இருக்கிறது. அவனுடைய கூட்டாளிகள் எல்லாரும் ஏ.பி. பக்கம். டூயல் கிரெடிட்டே எடுத்தாலும் எடுப்பேன், ஆனால் பேராசிரியருக்கு அப்பா மின்னஞ்சல் அனுப்பக் கூடாது என்று அவன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறான்.