யானைக்கு எந்த வேலி? மூதூர் கிழக்கு, வெருகல் வயல்களுக்கு ஓர் ஒப்பீடு

கடந்த இருபது, முப்பது வருடங்களில் திருகோணமலை மாவட்டக் கிராமங்களுக்குப் புதிதாக வந்து சேர்ந்த தொல்லைகள் கொஞ்சநஞ்சமல்ல. 2017இல் டெங்கு கிண்ணியாவை உலுக்கி எடுத்தது. 2018இல் இலங்கைக்குள் நுழைந்த படைப்புழு சோளனை விட்டுவைக்கவில்லை. 2020இல் மாடுகளின் தோலெல்லாம் கட்டி கட்டியாக எழும் நோய் நாட்டுக்குள் வந்தது. தென்னை ஓலையின் அடிப்பக்கம் வெள்ளை ஈ. இவை ஒவ்வொன்றுக்கும் மருந்தோ தடுப்பூசியோ, இன்னதைச் செய் என்று சொல்ல ஓர் உத்தியோகத்தரோ இருக்கிறார். யானை விஷயத்தில்தான் ஆளுக்கொரு வழி சொல்கிறார்கள். ஒருவர் வெடி கேட்கிறார், ஒருவர் வேலி கேட்கிறார், இன்னொருவர் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறார். எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது நமக்கு ஒத்துவரும் என்பதுதான் இங்கே பேச்சு.

யானை நமக்குப் புதிதா என்று கேட்பவர்கள் உண்டு. மகாவலிக் கரையோரம், சோமாவதிக் காட்டுப் பக்கம் யானை எப்போதும் இருந்ததுதான். ஆனால் 2006இல் போரினால் மூதூர் கிழக்கும் வெருகல் பக்கத்து ஈச்சிலம்பற்றும் சனமில்லாமல் வெறிச்சோடின. அடுத்த வருடத்திலிருந்து ஆட்கள் கட்டம் கட்டமாகத் திரும்பினார்கள். சம்பூரின் ஒரு பகுதிக்கு 2015 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பி வந்தபோது வயல் இருந்த இடத்தில் பற்றைக்காடு, குளத்தடியில் யானைத் தடம். நாம் இல்லாத காலத்தில் அந்தக் காணியில் மேய்ந்து பழகிய யானை, நாம் வந்துவிட்டோம் என்பதற்காக எழுந்து போய்விடவில்லை. பெரியவர்கள் 'முந்தி இப்படி இல்லை' என்று சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி இலங்கையில் 5,879 யானைகள். அவை நடமாடுவது நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ 60 வீதத்தில். அந்தப் பரப்பிலும் கிட்டத்தட்ட 70 வீதத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். ஆகவே 'யானையைக் காட்டுக்குள் அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டு' என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும், ஆனால் நாட்டின் நிலைமை அதற்கு இடம் தராது. 2019இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகளும் 120க்கு மேற்பட்ட மனிதர்களும் செத்தார்கள். 2023இல் இரண்டு எண்ணிக்கையும் அதைத் தாண்டின.

காவலும் வெடியும்

வேளாண்மை குடலைக்கு (கதிர் தள்ளுமுன் உள்ள பருவம்) வந்ததிலிருந்து வெட்டு முடியும்வரை வயலில் படுப்பது நமக்குப் பழக்கமான வேலை. மரத்தில் பரண், பக்கத்தில் மூட்டிய நெருப்பு, கையில் டோர்ச், வனஜீவராசிகள் திணைக்களம் கொடுக்கும் யானை வெடி. பெரிய செலவில்லை, இன்றைக்கே தொடங்கலாம். இந்த இரண்டைத் தவிர இதற்கு வேறு நல்ல பக்கம் இல்லை.

வெடிக்கு யானை பழகிவிடுகிறது. முதல் வருடம் சத்தம் கேட்டதும் ஓடிய தனியன் யானை, அடுத்தடுத்த போகங்களில் காதை அசைத்துவிட்டு நின்ற இடத்திலேயே நிற்கும். அப்புறம் ஆட்கள் கிட்டப் போய் வெடி எறிகிறார்கள். அது திரும்பித் துரத்துகிறது. அடிபட்டு, வெடிபட்டு வளர்ந்த ஆண் யானை மனிதரைக் கண்டால் ஒதுங்காது, மேலே பாயும். ஒவ்வொரு வயற்காரரும் தன் வரம்பிலிருந்து விரட்டினால் அது பக்கத்து வயலுக்குப் போகும், அங்கிருந்து விரட்டினால் திரும்ப இங்கே வரும். விடிய விடிய நெல்லை மிதித்துக்கொண்டு நடப்பதுதான் மிச்சம். தின்றதைவிட மிதித்தது கூட என்று காலையில் வயலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தூக்கமில்லாமல் மறுநாள் கூலிக்குப் போகும் ஆளின் உடம்பு என்னாகும் என்பதை எந்த நட்டக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

காவல் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. வேலி இருந்தாலும் காவல் வேண்டும். காவலை மட்டும் நம்பியிருப்பதுதான் பிழை.

காட்டோர மின்வேலி

அரசாங்கம் போட்டுத் தருவது இது. நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் நீளத்துக்குப் போட்டாகிவிட்டது. செலவு நமக்கில்லை என்பதால் எந்தக் கூட்டத்திலும் முதலில் எழும் கோரிக்கை 'வேலி அடித்துத் தாருங்கள்' என்பதுதான்.

இதன் கோளாறு கம்பியில் இல்லை, கோட்டில் இருக்கிறது. பல இடங்களில் இந்த வேலி ஓடுவது காடு முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் அல்ல. வனஜீவராசிகள் திணைக்களத்தின் காணி முடிந்து வனத் திணைக்களத்தின் காணி தொடங்கும் எல்லையில். வரைபடத்தில்தான் அது எல்லை. யானைக்கு இரண்டு பக்கமும் காடு. வேலிக்கு உள்ளேயும் யானை, வெளியேயும் யானை. பிறகு அந்த வேலி யாரைத் தடுக்கிறது?

இரண்டாவது, அது நம் கண்ணில் படாத இடத்தில் நிற்கிறது. கொடி ஏறினால், கட்டை விழுந்தால், மின்கலத்தைக் கள்ளன் கழற்றினால் ஊருக்குத் தெரிய நாளாகும். தெரிந்த பிறகும் 'அது அவர்கள் வேலி, அவர்கள் வந்து பார்க்கட்டும்' என்றுதான் பேச்சு போகும். சிவில் பாதுகாப்புப் படையில் சிலரைப் போட்டுப் பார்க்கச் சொன்னாலும், நீளத்தைப் பார்த்தால் அது ஆகாத காரியம். பராமரிப்பில்லாத வேலியின் முன்னால் யானைக்கு நிறைய நேரம் இருக்கிறது. எந்தக் கட்டையை மிதித்தால் கம்பி தாழும் என்று பொறுமையாகப் பார்த்துப் பழகிக்கொள்ளும். ஒரு முறை உடைக்கப் பழகியதற்கு நல்ல வேலியும் பெரிய தடையல்ல.

வயலைச் சுற்றி, போகத்துக்கு மட்டும்

மூன்றாவது வழியைத்தான் நம்மூரில் குறைவாகப் பேசுகிறார்கள். யானையைக் காட்டுக்குள் அடைக்காமல் பயிரைச் சுற்றி வேலி போடுவது. ஒரு வயல்வெளிக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து விதைப்போடு கட்டையை நட்டுக் கம்பி இழுத்து, வெட்டு முடிந்ததும் கழற்றிக் கட்டி வைப்பது. குருநாகல் மாவட்டத்துக் கல்கமுவ பக்கம் யானை ஆய்வாளர் பிருதிவிராஜ் பெர்னாண்டோவின் குழு விவசாயிகளோடு சேர்ந்து இதைச் செய்து காட்டியது. 2020இல் அவர் தலைமையில் அமைந்த குழு தயாரித்த தேசியச் செயற்றிட்டமும் இதைத்தான் முன்னே வைக்கிறது: வயலுக்குப் போகத்தில் மட்டும் நிற்கும் வேலி, ஊருக்கு நிரந்தர வேலி.

இதற்குள் இருக்கும் நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. வெட்டு முடிந்தபின் வயல் யானைக்கு. தாளையும் புல்லையும் அது வந்து மேயட்டும். சித்திரைக்குப் பின் நம் பக்கம் காடு காய்ந்து கிடக்கும் மாதங்களில் அதற்கும் வயிற்றுப்பாடு இருக்கிறது. சிறுபோகத்துக்குத் தண்ணீர் வராத வயல்களில் இதனால் யாருக்கும் நட்டமில்லை. அல்லை நீர்ப்பாசனத் திட்டத்து வாய்க்கால் பாயும், இரண்டு போகமும் செய்யும் இடங்களில் கதை வேறு. அங்கே வேலி ஏறத்தாழ வருடம் முழுக்க நிற்க வேண்டிவரும், செலவும் அலைச்சலும் கூடும். அதை மறைத்துவிட்டு இந்த வழியைப் புகழக்கூடாது.

கம்பியில் என்ன ஓடுகிறது என்று சரியாகத் தெரியாமல் பலர் பயப்படுகிறார்கள், இன்னும் பலர் பயப்படவேண்டியதற்குப் பயப்படாமல் இருக்கிறார்கள். முறையான யானை வேலியில் ஒரு மின்னூட்டப் பெட்டி, நொடிக்கு ஒரு தடவை போல, கண்மூடித் திறக்கும் நேரத்திலும் சிறிய பங்குக்கு ஆயிரக்கணக்கான வோல்ற் துடிப்பை அனுப்பும். அடி பலமாக இருக்கும், ஆனால் துடிப்பு அவ்வளவு குறுகியது என்பதால் ஆளையோ யானையையோ கொல்லாது. யானை காலூன்றி நிற்கும் மண் வழியாகத்தான் அந்தச் சுற்று பூர்த்தியாகிறது. இங்கேதான் நம் நிலத்துக்கு ஒரு சிக்கல். கரையோரத்து மணல் ஆடி, ஆவணியில் காய்ந்து கிடக்கும்போது மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. யானைக்கு அடி உறைக்காது. நிலக்கம்பியை வாய்க்கால் ஓரம், குளத்தடி போன்ற ஈரமான இடத்தில் ஆழமாக இறக்க வேண்டும். அல்லது மின்கம்பியும் நிலக்கம்பியும் மாறி மாறி வருமாறு இழுக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் உடம்பில் பட்டால் மண் காய்ந்திருந்தாலும் அடி விழும். மாரியில் நன்றாக வேலை செய்த வேலி கோடையில் ஏன் ஏமாற்றியது என்று குழம்புகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

இரவில் வேலியோரம் நடந்துபோனால் எங்காவது 'டிக், டிக்' என்று சத்தம் வரும். ஈரப் புல்லோ குறிஞ்சாக் கொடியோ கம்பியில் தொட்டு மின்சாரம் மண்ணுக்கு இறங்குகிறது என்று அர்த்தம். ஒரு கொடி தொட்டால் பரவாயில்லை. நூறு கொடி தொட்டால் வேலியின் கடைசிப் பக்கம் வெறும் கம்பி. மாரி மழைக்குப் புல் எந்த வேகத்தில் எழும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்த வேலியின் உண்மையான விலை கடைக்காரன் சொல்லும் விலையல்ல. போகம் முழுக்க யாராவது கத்தியோடு அடிப்புல் வெட்ட வேண்டும், அதுதான் விலை. தன் வயலைக் காக்கும் வேலி என்றால் அதை வெட்டுவதற்கு ஆள் வரும். மூன்று மைலுக்கு அப்பால் காட்டுக்குள் நிற்கும் வேலிக்கு வரமாட்டார்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் இரண்டாவதை விட்டு மூன்றாவதைத் தேர்ந்தெடுப்பேன்.

தடை எங்கே வரும்? பணம் சேர்ப்பதில். பத்து ஏக்கர் செய்பவரும் ஒரு ஏக்கர் குத்தகைக்குச் செய்பவரும் ஒரே தொகை கட்ட முடியாது. ஏக்கர்க் கணக்கில் பிரிக்க வேண்டும். நடுவில் காணி வைத்திருப்பவர் 'என் வயலுக்கு யானை வருவதில்லை' என்று ஒதுங்கப் பார்ப்பார். ஓரத்து வயற்காரன் தடுத்துக்கொண்டிருப்பதால்தான் அவர் வயலுக்கு வருவதில்லை என்பதை அவருக்கு விளங்கப்படுத்த வயல்வெளியின் தண்ணீரையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்தும் வட்டவிதானையால்தான் முடியும்.

ஊர் வேலி

வெட்டு முடிந்தால் நெல் வீட்டுக்குள் வந்துவிடும். யானையும் அதன் பின்னால் வரும். மூட்டை அடுக்கிய அறையின் சுவரை இடிப்பதும், வாழையையும் தென்னங்கன்றையும் பிடுங்குவதும் இந்தக் காலத்தில்தான். வயல் வேலி இதற்கு ஒன்றும் செய்யாது. குடிமனையைச் சுற்றி வருடம் முழுக்க நிற்கும் வேலிதான் வழி. உயிர் போவதைத் தடுப்பதில் இதுவே முதலிடம்: இருட்டோடு வெளியே இறங்கும் முதியவர், வகுப்பு முடிந்து பொழுதுபட வரும் பிள்ளை. வீடுகள் நெருங்கி நிற்கும் ஊருக்கு இது சுலபம். காணிக்கு ஒரு வீடாகச் சிதறிக் கிடக்கும் மீள்குடியேற்றக் கிராமங்களுக்குச் சுற்றளவு கூடும். அங்கே நாலைந்து வீடுகளைச் சேர்த்துச் சிறு வளையங்களாகப் போடலாம்.

தோடை, தேனீ, பனை

வஸ்கமுவ பக்கம் தோடை (ஒரேஞ்சு) மரங்களை வைத்து முயன்றிருக்கிறார்கள். யானை தோடையை விரும்பித் தின்னாது. வீட்டுத்தோட்டத்துக்கு நல்ல யோசனை, விற்கவும் காய் கிடைக்கும். நெல்லுக்குப் பதிலாகாது. கென்யாவில் நன்றாக வேலைசெய்த தேனீ வேலியை இங்கும் பரீட்சித்தார்கள். நம் தேனீ ஆபிரிக்கத் தேனீயைவிடச் சாதுவானது, அதனால் நான் பெரிதாக எதிர்பார்க்கமாட்டேன். பனை விதை ஊன்றுவது நல்லதுதான், ஆனால் அது வேலியாகும் அளவுக்கு வளர ஒரு தலைமுறை ஆகும்.

பிடித்துக்கொண்டு போவது

ஊரில் ஒருவர் செத்தவுடன் எழும் கோரிக்கை இது. அந்த நேரத்துக் கோபத்தை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் பலன் வேறு. கழுத்தில் கருவி பூட்டி, வேறு காட்டில் விடப்பட்ட 12 ஆண் யானைகளைப் பின்தொடர்ந்து செய்த ஆய்வின் முடிவு 2012இல் வெளியானது. சில பிடித்த இடத்துக்கே திரும்பின, சில அலைந்து திரிந்தன, சில போன இடத்தில் தங்கி அங்கே தொல்லை கொடுத்தன. கூட்டத்தைத் துரத்தினாலோ பெண் யானையும் கன்றும்தான் காட்டுக்குள் போகும். வயலுக்கு வரும் ஆண் யானை ஒளிந்து நின்றுவிட்டு மறுநாள் வரும்.

கடைசியாக, ஒப்பீட்டுக்கே எடுக்கக்கூடாத ஒன்று: வீட்டுக் கரண்டை நேரே கம்பியில் கொழுவுவது. 230 வோல்ற் விடாமல் ஓடும், துடிப்பில்லை, விடுவிப்பில்லை. யானை சாகும், அதே கம்பியில் அடுத்த வீட்டுப் பிள்ளையும் சாகும், சட்டப்படியும் குற்றம். பன்றிக்கு வைக்கும் ஹக்கபட்டாசும் (தீனிக்குள் மறைத்த, கடித்தால் வெடிக்கும் வெடி) கட்டுத்துவக்கும் (பொறியாகக் கட்டி வைக்கும் துவக்கு) அப்படித்தான். வாய் சிதறிய கன்று தின்னமுடியாமல் பல நாள் கிடந்து சாவதைப் பார்த்தவர்கள் அதை மறுபடி வைக்கமாட்டார்கள்.

நெல் மட்டும், ஒரு போகம் மட்டும் செய்யும் வயல்வெளிக்குப் போகத்துக்கு மட்டுமான வேலியும், கூட ஊர் வேலியும். இரண்டு போக நிலமென்றால் முதலில் ஊர் வேலி. அதன் பராமரிப்பு ஒரு வருடம் ஒழுங்காக நடந்தால் வயல் வேலியைத் தொடங்கலாம். சேனையில் தனித்துச் சோளனும் கச்சானும் செய்பவர்களுக்குத்தான் என்னிடம் நல்ல பதில் இல்லை. பக்கத்துச் சேனைகளோடு சேர்ந்து ஒரே வளையத்துக்குள் வந்தாலொழிய வேலி அவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

மாரிப் போகத்துக்கான ஆரம்பக் கூட்டத்தில் விதைப்புத் திகதியும் தண்ணீர் திறக்கும் திகதியும் எழுதும் அதே கொப்பியில், வேலியின் எந்தத் துண்டை யார் எந்தக் கிழமை பார்ப்பது என்பதையும் பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள். மின்கலமும் சூரியத் தகடும் இரவில் யார் வீட்டில் இருக்கும் என்பதையும் அப்போதே முடிவு செய்துவிட வேண்டும். திணைக்களத்திடம் கேட்க வேண்டியது மின்னூட்டப் பெட்டியும் கம்பியும், வேலியைச் சரிபார்க்கப் பழக்கித் தரும் ஓர் ஆளும்தான். கோடு எங்கே ஓடவேண்டும் என்பதை நாமே நடந்து போய்க் காட்டலாம்.