டி.சி. பாளையா பக்கம் லீசுக்கு வீடு பார்க்கிறீர்களா? எங்கள் 15 லட்சத்தின் கதை

பெங்களூரில் லீசு என்றால் நம் ஊர் ஒத்தி மாதிரிதான். மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால் மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது பணம் திரும்ப வரும். அல்சூரில் பகலிலேயே லைட் போட வேண்டிய வீட்டில் பல வருடம் இருந்துவிட்டோம். ராமமூர்த்தி நகரைத் தாண்டி டி.சி. பாளையா பக்கம் தனி வீடு, 15 லட்சம், மூன்று வருடம் என்றதும் ஆசை வந்துவிட்டது. பின்பக்கம் கறிவேப்பிலை மரம் வேறு. அம்மா ஒரு இணுக்கை ஒடித்து முகர்ந்து பார்த்தபோதே முடிவாகிவிட்டது. பாதிப் பணம் நகையை விற்றுத்தான்.

பணத்தை வாங்கியது ஓனர் இல்லை, நடுவில் ஒரு கம்பெனி. “ஓனர் கனடால இருக்கார் சார், எல்லாம் நாங்கதான் பாத்துக்கறோம்” என்றார் ஆபீசில் இருந்தவர். சுத்தமான வேலூர்ப் பக்கத்துத் தமிழ். அதில்தான் நான் இளகினேன்.

எட்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மங்கி குல்லா போட்ட பெரியவர் ஒருவர் கேட்டைத் தட்டி, “பாடிகெ எல்லி?” என்றார். வாடகை எங்கே என்கிறார். அவர்தான் ஓனர். இருப்பது கம்மனஹள்ளியில். கம்பெனி அவரிடம் மாதம் 28,000 வாடகைக்கு வீட்டை எடுத்து, ஐந்து மாதம் கட்டிவிட்டு போனை அணைத்துவிட்டது. 15 லட்சம் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. பாவம், அவரும் திண்ணையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அன்று ராத்திரிதான் கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 3,36,000 வாடகை. என் 15 லட்சத்தை பேங்கில் ஏழு சதவீதத்துக்குப் போட்டாலும் வட்டி 1,05,000தான். மீதியை யார் கொடுப்பார்கள்? அடுத்து வந்து மாட்டுகிறவன் கொடுக்கும் லீசுப் பணம்தான். ஆள் வரத்து நின்றால் கடை மூடல். நிஜ ஓனர் லீசுக்கு விட்டால் கடன் அடைக்கவோ மாடி கட்டவோ மொத்தப் பணம் தேவை என்று புரியும். நடுவில் இருப்பவனுக்கு என்ன தேவை என்று நான் கேட்கவே இல்லை.

இன்னொன்று. வாயால் மூன்று வருடம், பேப்பரில் 11 மாதம். “ரினியூ பண்ணிக்கலாம்” என்றார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீசைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவுக்குப் போனால் ஓனரோ அவர் பவர் கொடுத்த ஆளோ வந்து கையெழுத்துப் போடணும். அதைத் தவிர்க்கத்தான் 11. கர்நாடக அரசின் காவேரி பதிவுத் தளத்தில் ஈ.சி. (வில்லங்கச் சான்று) எடுத்திருந்தால் வீடு யார் பேரில் என்றாவது தெரிந்திருக்கும். அதையும் செய்யவில்லை.

போலீசில் முதலில் சிவில் கேஸ் என்று திருப்பி அனுப்பினார்கள். எங்களைப் போல இன்னும் ஆறு குடும்பங்கள் சேர்ந்து போன பிறகே எஃப்.ஐ.ஆர். மோசடிக்கு நாம் 420 என்போமே, அது இப்போது புதிய சட்டத்தில் 318(4). பணம் இன்னும் வரவில்லை. அதே வீட்டுக்குப் பெரியவரிடம் மாதம் 25,000 கட்டிக்கொண்டிருக்கிறோம், 3,000 குறைத்துக்கொண்டார்.

எதிர்வீட்டு குடியாத்தத்து அக்காவுக்கு இதெல்லாம் முன்பே தெரியுமாம். முந்தைய குடும்பம் இதே தகராறில்தான் காலி செய்தது. “நீங்க கேக்கவே இல்லியேப்பா, சாமான் வந்து இறங்கினப்புறம் என்னத்த சொல்றது?” என்றார். இந்தத் தெருவில் வீடு பார்க்க வந்தால் மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். அக்கா வாசலில்தான் கீரை ஆய்ந்துகொண்டிருப்பார்.