கிடார் ஆம்ப்பா, கீபோர்டு ஆம்ப்பா, பவர்டு ஸ்பீக்கரா? குன்னூரிலிருந்து ஒரு கீபோர்டுக்காரனின் கணக்கு

"மாஸ்டர், வீட்ல பழைய கிடார் ஆம்ப் ஒண்ணு சும்மா கிடக்கு. பையன் கீபோர்டை அதுலயே மாட்டிடலாமா?"

வருஷத்துக்கு நாலு பெற்றோராவது கேட்டுவிடுவார்கள். ஆம்ப் என்பது ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி. மாட்டலாம், சத்தமும் வரும். பியானோ மட்டும் வராது.

88 கட்டை பியானோவின் அடிக்கட்டை 27.5 ஹெர்ட்ஸ், உச்சிக்கட்டை 4186. 61 கட்டை கீபோர்டு வழக்கமாக 65-இல் தொடங்கி 2093-இல் முடியும். இது சுருதிக் கணக்குதான். ஒவ்வொரு சுரத்தோடும் சேர்ந்து ஒலிக்கும் நுண்ணொலிகள் இதற்கும் மேலே ஏறிப் போகும். கிடார் ஆம்ப்பின் ஸ்பீக்கரோ சுமார் 5000 தாண்டியதும் கைவிட்டுவிடும். 2000 முதல் 4000 வரை தானாகவே துருத்திக்கொண்டு நிற்கும். டிஸ்டார்ஷன் கிடாரின் கரகரப்பை வடிகட்ட அந்தக் குணம்தான் வேண்டும். கீபோர்டின் பியானோ ஒலியை, அதாவது பியானோ வாய்ஸை, அதில் போட்டால் கம்பளிக்கு உள்ளே இருந்து வாசித்ததுபோல் இருக்கும். எலக்ட்ரிக் பியானோ, ஆர்கன் மட்டும் வாசிப்பவர் என்றால் நானே மாட்டிக் கொடுப்பேன், அவ்வளவு அழகாக இருக்கும். பேஸ் கிடார் ஆம்ப் கீழ்ச்சுரங்களைத் தாங்கும். உச்ச ஒலிக்கான சின்ன ஸ்பீக்கர், ட்வீட்டர், இல்லாவிட்டால் மேலே ஊமை.

புளூடூத் ஸ்பீக்கரைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். சாதாரண புளூடூத்தில் கட்டையை அழுத்தியபின் ஒலி வர 0.2 விநாடிகூட ஆகும். அந்த நேரத்தில் ஒலி காற்றில் அறுபது எழுபது மீட்டர் போய்விடும். ஸ்பீக்கரைப் பக்கத்துத் தேயிலைச் சரிவில் வைத்துக்கொண்டு வாசிக்கிற மாதிரி. பாட்டு கேட்க வைத்துக்கொள்ளுங்கள்.

நிஜமான போட்டி கீபோர்டு ஆம்ப்புக்கும், உள்ளேயே ஆம்ப் வைத்து மண்டபங்களில் வைக்கும் பவர்டு ஸ்பீக்கருக்கும்தான்.

கீபோர்டு ஆம்ப்பில் எல்லாம் கைக்கெட்டும். ரோலண்ட் கேசி-200 மாதிரி ஒன்று, 100 வாட், 12 அங்குல ஸ்பீக்கர். கீபோர்டு, மைக், போனில் ஓடும் டிராக் எல்லாவற்றையும் அதிலேயே செருகி, பக்கத்தில் வைத்துக்கொண்டு திருகலாம். வீட்டு ஜெபக்கூட்டத்துக்கும் வகுப்புக்கும் இதைவிடத் தோது வேறில்லை. குறை இரண்டு. பெரும்பாலானவை மோனோ, அதாவது ஒரே ஒலிவழி; இடம், வலம் என ஸ்டீரியோவில் பதிவான பியானோ வாய்ஸ் அதில் ஒன்றாகக் கலக்கும்போது கொஞ்சம் வெறுமையாகக் கேட்கும். இன்னொன்று எடை. எங்கள் ஊரில் மண்டபம் என்றாலே படிக்கட்டு.

யமஹா டிபிஆர்10 மாதிரி பவர்டு ஸ்பீக்கர் 10.5 கிலோதான், ஒரு கையில் தூக்கலாம். ஸ்டாண்டில் ஏற்றினால் மண்டபத்துக்கு, தரையில் சாய்த்துப் போட்டால் நான் வாசிப்பது எனக்கே கேட்கும் மானிட்டர். கொடுத்ததைக் கூட்டாமல் குறைக்காமல் பேசும். அட்டைப்பெட்டியில் 700 வாட் என்று இருப்பது உச்ச அளவு; தொடர்ச்சியாகத் தருவது 325. அதற்காக வருத்தப்படவும் வேண்டாம். வாட் இரட்டிப்பானால் சத்தம் 3 டெசிபல்தான் கூடும். காது இரு மடங்காக உணர ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். நான் இந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்யாண வரவேற்பு. கீபோர்டில் ஹெட்போன் ஓட்டை மட்டும்தான். அதிலிருந்து ஸ்டீரியோ ஜாக் வயரை நேராக ஸ்பீக்கரில் செருகினேன். ரிதம் போட்டால் டிரம்மும் பேஸும் காணோம். பியானோ மட்டும் எங்கோ மிதக்கிறது. ஸ்பீக்கர் போச்சு என்றே நினைத்தேன். மைக்செட் தம்பி வந்து பார்த்துவிட்டு, "அண்ணே, வயரு தப்பு" என்றான். ஸ்பீக்கரில் இருப்பது பேலன்ஸ்டு இன்புட் என்னும் வகை; அது இரண்டு கம்பிகளுக்கு இடையிலான வித்தியாசத்தை மட்டுமே எடுக்கும். ஸ்டீரியோ வயரில் இடமும் வலமும் வந்தால் இரண்டுக்கும் பொதுவானது கழிந்துபோகும். டிரம், பேஸ் எல்லாம் நடுவில், அதாவது இரண்டிலும் சமமாக இருப்பவை, அதனால் அவைதான் முதலில் காலி. ஒரு ஸ்டீரியோ ஜாக் இரண்டு மோனோ ஜாக்காகப் பிரியும் ஒய் வயரை அவன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். இரண்டையும் இரண்டு சேனலில் செருகியதும் எல்லாம் திரும்பி வந்தது. ஸ்பீக்கர் வாங்கும் அன்றே அந்த வயரையும் வாங்கிவிடுங்கள்.

மலைக்கென்று சில சங்கடங்கள் உண்டு. இரவு முழுக்க ஜீப்பில் குளிர்ந்த பெட்டியை ஆட்கள் நிறைந்த கதகதப்பான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால், கண்ணாடியில் ஆவி படிவதுபோல உள்ளேயும் ஈரம் கோக்கும். முக்கால் மணி நேரமாவது விட்டுத்தான் சுவிட்சைப் போடுவேன். மழையில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. 8 ஏஏ பேட்டரியில் ஓடும் பழைய ரோலண்ட் கேசி-220 செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் நான் விடமாட்டேன். சின்னதுதான், ஆனால் இரண்டு 6.5 அங்குல ஸ்பீக்கரோடு நிஜ ஸ்டீரியோ. ரிப்பேர் என்றால் கீழே கோயம்புத்தூருக்குத்தான் இறங்க வேண்டும், அதனால் பெயர் தெரியாத மலிவுப் பெட்டி இங்கே மலிவே இல்லை.

எஸ்டேட் லைன் வீட்டில் ஒரே சுவருக்கு அந்தப்பக்கம் இன்னொரு குடும்பம். அங்கே படிக்கிற பையனுக்கு இதில் எதுவுமே இப்போது வேண்டாம். யமஹா பி-45 போன்ற டிஜிட்டல் பியானோவில் உள்ளேயே 6 வாட் வீதம் இரண்டு ஸ்பீக்கர் இருக்கிறது, ஓர் அறைக்குப் போதும். இரவுக்குக் காதை மூடும் நல்ல ஹெட்போன்.

கிடார் ஆம்ப் அப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். யோசித்துவிட்டு, "அப்போ அந்த ஆம்ப்பை என்ன மாஸ்டர் பண்றது?" என்றார். விலை கேட்டிருக்கிறேன். என் எலக்ட்ரிக் பியானோ வாய்ஸுக்கு ஆகும்.