குவாரி எலக்ட்ரீஷியன் பைக்கு 1000 வோல்ட் கருவிகள்: எது தேறியது, எது தேறவில்லை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏழு உருப்படி, பத்து உருப்படி என்று பெட்டியில் அடுக்கி விற்கிற இன்சுலேட்டட் (மின்காப்பு உறை போட்ட) டூல் செட் எதுவும் குவாரி வேலைக்குத் தேவையில்லை. நல்ல ஸ்க்ரூ டிரைவர் இரண்டு, ஒரு காம்பினேஷன் பிளையர் போதும். ஆனால் அந்த மூன்றும் நிஜமாகவே சோதித்து முத்திரை போட்டதாக இருக்க வேண்டும், அதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

குடியாத்தம் பக்கத்துக் கிரானைட் குவாரிகளில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். குவாரிதானே, சுரங்கமா என்று கேட்பவர்களுக்கு: வெடி வைத்துக் கல் எடுக்கிற திறந்தவெளிக் குவாரியும் சட்டத்தின் கணக்கில் சுரங்கம்தான், டி.ஜி.எம்.எஸ். என்கிற சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் அதிகாரி வந்து பேனலைத் திறக்கச் சொன்னால் திறந்து காட்டத்தான் வேண்டும். இங்கே வயர் சா (கல் அறுக்கிற கம்பி ரம்பம்), கம்ப்ரசர், நீர் இறைக்கிற பம்ப் எல்லாமே 415 வோல்ட் மூன்று ஃபேஸில் ஓடுகிறவை. வயர் சா ஓடும்போது கம்பி மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள், அந்தத் தண்ணீரும் கல்மாவும் (அறுபடுகிற கல்லின் தூள்) சேர்ந்து ஒரு சாம்பல் நிறச் சேறாகிக் கையில், செருப்பில், பேனல் கைப்பிடியில், பையிலிருக்கும் கருவியில் என்று ஒன்றைக்கூட விடாது. தகரக் கொட்டகையில் நிற்கிற பேனல், வெளியே வேலூர் வெயில், உள்ளே ஈரக்கை. இந்த நிலைமையில்தான் கருவிகளைப் பார்த்தேன், ஏசி ரூமில் மேசை மேல் வைத்து அல்ல.

எடுத்துக்கொண்டது மூன்று ரகம். எல்லா எலக்ட்ரீஷியன் பையிலும் கிடக்கிற, கைப்பிடிக்கு பிளாஸ்டிக் உறை மாட்டிய சாதாரண பிளையரும் ஸ்க்ரூ டிரைவரும் ஒன்று. ஆன்லைனில் ஆயிரத்துக்குள் கிடைத்த, சிவப்பும் மஞ்சளுமாகப் பளபளக்கிற செட் இரண்டாவது. பெயர் வேண்டாம், அதே பொருள் நாலைந்து பெயரில் வருகிறது. மூன்றாவது, ஜெர்மன்காரர்களின் வேரா, விஹா ஸ்க்ரூ டிரைவர்களும் க்னிபெக்ஸ் பிளையரும்.

முதல் ரகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உறை கைக்கு மெத்தென்று இருக்கத்தான், மின்சாரத்துக்கு அல்ல. எங்கேயும் வோல்ட் எழுதியிருக்காது, இரட்டை முக்கோணச் சின்னமும் இருக்காது. மெயினை ஆஃப் பண்ணிவிட்டு லக் முறுக்க, வயர் வெட்ட, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதுதான் ஆபத்து, ஏனென்றால் பார்க்க அசல் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு கைப்பிடியிலும் 1000 வோல்ட் என்று கொட்டை எழுத்து. இந்தக் கருவிகளுக்கான சர்வதேசத் தரம் ஐ.இ.சி. 60900, ஏசி 1000 வோல்ட், டிசி 1500 வோல்ட் வரைக்கும். அதில் அச்சுக்கே தனியாக ஒரு சோதனை உண்டு: தண்ணீரில் நனைத்த துணியால் 15 விநாடி, அப்புறம் ஐசோப்ரொபனால் என்கிற ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் 15 விநாடி அழுத்தித் தேய்க்க வேண்டும், எழுத்து அப்படியே நிற்க வேண்டும். சி.எம்.சி. எதிரே வரிசையாக மெடிக்கல் ஷாப் இருக்க ஸ்பிரிட்டுக்கா பஞ்சம், ஒரு பாட்டில் வாங்கி வந்து தேய்த்தேன். ஆன்லைன் செட்டில் 1000 என்பதில் இரண்டு சைபர் பஞ்சோடு வந்துவிட்டது. ஜெர்மன் கருவிகளில் எழுத்து அசையவில்லை. இது மின்காப்பைச் சோதிப்பது அல்ல, தெரியும். ஆனால் இந்த எளிய தேய்ப்பையே தாங்காத அச்சைப் போட்டவன் 10,000 வோல்ட் சோதனை மட்டும் ஒழுங்காகச் செய்திருப்பான் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை.

ஆமாம், 10,000 வோல்ட்தான். 1000 வோல்ட் வேலைக்கான கருவியைப் பத்து மடங்கில் சோதிக்கிறார்கள். டிசைனுக்கான சோதனையில் கருவியை 24 மணி நேரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்து, அப்புறம் 10,000 வோல்ட்டை மூன்று நிமிஷம் கொடுத்து, கசிகிற கரண்ட் 200 மில்லிமீட்டர் உறைக்கு ஒரு மில்லியாம்பியருக்குள் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். உறை கழன்று வருமா என்று பார்க்க 70 டிகிரி சூட்டில் ஒரு வாரம் வைத்து, பிறகு 500 நியூட்டன், அதாவது சுமார் 50 கிலோ எடைக்குச் சமமான விசையில் இழுக்கிறார்கள். மைனஸ் 25 டிகிரியில் அடித்துப் பார்க்கிற சோதனையும் உண்டு. இன்னும் குளிர் தாங்குமென்று 'சி' எழுத்து போட்ட கருவிகளும் இருக்கின்றன, அதற்கு ஒரு ரூபாய் கூடுதல் என்றாலும் கொடுக்காதீர்கள், நம்ம ஊருக்கு மைனஸ் 40 வரப் போவதில்லை. 70 டிகிரிதான் நமக்கு முக்கியம். மே மாசம் மூடிய ஜீப்பின் டேஷ்போர்டில் பிளையரை விட்டுவிட்டுப் போனவர்களுக்குப் புரியும்.

நம்ம ஆட்கள் சிலர், "மெகர் வெச்சுப் பார்த்தேன் அண்ணே, இன்ஃபினிட்டி காட்டுது" என்பார்கள். மெகர் என்பது மின்காப்பை அளக்கிற மீட்டர், அது கொடுப்பது 500 அல்லது 1000 வோல்ட் டிசி. உறையில் ஊசிமுனை ஓட்டை இருந்தாலும், அதற்குள் காய்ந்த காற்று இருக்கும் வரை மெகர் நல்ல ரீடிங்தான் காட்டும். அதே ஓட்டையில் கல்மாச் சேறு புகுந்தால் கதை வேறு. 10,000 வோல்ட் சோதனையைக் கொட்டகையில் வைத்துச் செய்யவும் கூடாது, அதற்கு லேப் வேண்டும். நம் கையில் இருப்பது கண்ணும் விரலும்தான். வருஷத்துக்கு ஒரு முறையாவது விஷயம் தெரிந்தவர் உட்கார்ந்து ஒவ்வொரு கருவியையும் பார்க்க வேண்டும். குவாரியில் வருஷம் போதாது, நான் வேலைக்கு எடுக்கும்போதெல்லாம் துடைத்துவிட்டுப் பார்க்கிறேன்.

அதற்கு இரட்டை நிற உறை பெரிய உதவி. மேலே சிவப்பு, அடியில் மஞ்சள். கீறல் விழுந்து மஞ்சள் தெரிந்தால் கருவி ரிட்டயர். ஆன்லைன் செட்டில் ஒரு டிரைவரைக் கத்தியால் நீளவாக்கில் பிளந்து பார்த்தேன், சிவப்பும் மஞ்சளும் பக்கம் பக்கமாக ஒட்டிய அலங்காரம், அடியில் இரண்டாவது அடுக்கே கிடையாது.

இனி பயன்படுத்திய அனுபவம். பேனலில் லைன் இருக்கும்போது கையை நீட்ட வேண்டி வருவது பெரும்பாலும் ஃபால்ட் தேடும்போது, அதுவும் ஸ்க்ரூ டிரைவரோடு. எம்.சி.பி. என்கிற தானாக விழும் ஸ்விட்சிலும், மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற கான்டாக்டரிலும் இருக்கிற திருகு சுத்தமான பிலிப்ஸ் கிடையாது, கூட்டல் குறியும் கோடும் கலந்த தலை. அதில் பிலிப்ஸ் டிரைவரை வைத்து அழுத்தினால் வழுக்கும், வழுக்குகிற நுனி பக்கத்து ஃபேஸில் போய் நிற்கும், அப்புறம் உறை எவ்வளவு தடிமன் இருந்து என்ன பயன், ஷார்ட் ஆகி வருகிற நெருப்பை உறை தடுக்காது. இதற்கென்றே பிளஸ்மைனஸ் நுனி டிரைவர் வருகிறது. வேராவில் அதை வாங்கினேன், வழுக்கல் நின்றது. என் கணக்கில் இந்த மூன்று ரகத்திலும் காசுக்கு முழு மதிப்புள்ள ஒரே பொருள் இதுதான்.

இன்னொரு தொல்லை, உறை போட்ட பிளேடு தடித்துவிடுவதால் எம்.சி.பி.யின் குழிக்குள் இறங்காது. சிலர் கத்தியால் உறையைச் சீவி இறக்குகிறார்கள், அதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். விஹாவின் ஸ்லிம்ஃபிக்ஸ் ரகத்தில் நுனிப் பக்கம் உறையை பிளேடுக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள், குழிக்குள் சுலபமாக இறங்குகிறது. ஈரக்கையில் பிடிமானம் வேராவில்தான் கொஞ்சம் மேல்.

க்னிபெக்ஸ் பிளையர் இரண்டு விதமான கைப்பிடியில் வருகிறது: தோய்த்தெடுத்த மெல்லிய உறை, தடித்த பல அடுக்குப் பிடி. சேற்றுக்கையில் தடித்ததுதான் நல்லது, நுனியில் இருக்கிற தடுப்பு விரலை முன்னே நழுவ விடாது. குறை என்றால் அந்தத் தடுப்புக்கும் பிடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் கல்மா போய் உட்கார்ந்து இறுகிவிடும். பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணீரும் போதும், ஆனால் யாராவது செய்ய வேண்டும். டீசலில் முக்கிக் கழுவுகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், உறை ஊறிப் பொதுபொதுவென்று ஆகிவிடும்.

இந்தக் கருவி எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தடி நிலக்கரிச் சுரங்கங்களில் யந்திரங்களுக்கு 550 வோல்ட்டோடு 1100 வோல்ட் சப்ளையும் உண்டு. கருவியின் எல்லை 1000, கணக்கு அங்கேயே முடிந்தது. மண் வாருகிற பெரிய ஷவல்களுக்கு 3.3 கே.வி., 6.6 கே.வி. (3300, 6600 வோல்ட்), பேச்சே இல்லை. அதைவிட, காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் கலந்தால் ஒரு பொறி போதும் வெடிக்க. உறை ஷாக்கைத் தடுக்கும், பொறியைத் தடுக்காது, அதனால் அங்கே ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டியை (உள்ளே வரும் நெருப்பை வெளியே விடாத பெட்டி) லைனோடு திறக்கிற பேச்சுக்கே இடமில்லை. அமெரிக்கச் சுரங்க விதிகளும் மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் வேலை, ஃபால்ட் தேடவும் சோதிக்கவும் தவிர்க்க முடியாதபோது மட்டும் விலக்கு என்கின்றன. 2001இல் மூடுகிற வரை கோலார் தங்கவயலில் வேலை பார்த்த பெரியப்பா ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார், புது டிரைவரைக் காட்டி விலையைச் சொன்னதும் அவர் கேட்டது: "மெயின ஆஃப் பண்ணிட்டு கைய வெக்கிறதுக்கு ஆயிரம் ரூபா இஸ்குரு டிரைவரு இன்னாத்துக்குடா?" சரியான கேள்விதான். ஆஃப் பண்ணிவிட்டோம் என்று நாம் நினைக்கிற பேனலில் டி.ஜி. (டீசல் ஜெனரேட்டர்) பக்கத்திலிருந்து லைன் வந்து நிற்கும் பெரியப்பா, அதற்குத்தான் என்றேன்.

நியான் லைன் டெஸ்டரை நம்பி லைன் இல்லை என்று முடிவு கட்டுகிறவர்களுக்கும் இதே பதில். மீட்டரை லைன் உள்ள இடத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்து, வேலை செய்கிற இடத்தில் பார்த்து, மறுபடி லைன் உள்ள இடத்தில் பார்த்த பிறகுதான் நான் தொடுவேன். கையுறை தனி விஷயம், கிளாஸ் 0 ரகம் 1000 வோல்ட்டுக்குப் போதும், போடும் முன் சுருட்டிக் காற்றடைத்துப் பார்க்க வேண்டும்.

வேலூர் லாங் பஜார் பக்கத்து ஹார்ட்வேர் கடைகளில் கேட்டால் முதலில் உறை மாட்டிய சாதாரண பிளையரைத்தான் எடுத்து வைப்பார்கள். முத்திரை போட்டது வேண்டுமென்று சொன்னால் சென்னையிலிருந்து வரவழைத்துத் தருகிற கடை ஒன்று இருக்கிறது, எனக்குச் சில நாளில் வந்தது. பில்லோடு வாங்குங்கள், பணம் கொடுக்கும் முன் இரட்டை முக்கோணச் சின்னம், 1000 வோல்ட், தயாரித்த வருஷம், மாடல் நம்பர் நாலும் கருவியின் மேலேயே இருக்கிறதா என்று பாருங்கள். அட்டைப் பெட்டியில் மட்டும் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.