475 கிலோஹெர்ட்ஸில் சுத்தமான அலை: லீனியரா, கிளாஸ் டி-யா?

நான் அமெச்சூர் வானொலிக்காரன். தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் என் வீட்டுக் கொல்லையில் நிற்கும் ஏரியல் கம்பம் 12 மீட்டர் உயரம். 475 கிலோஹெர்ட்ஸ் அடங்கிய 630 மீட்டர் பேண்டுக்குக் கால் அலைநீளம் என்றால் ஏறத்தாழ 158 மீட்டர் வேண்டும். ஆகவே ஊட்டும் திறனில் பெரும்பகுதி மண்ணையும் ஏரியலை ட்யூன் செய்யும் சுருளையும் சூடாக்கிவிட்டுப் போய்விடுகிறது. என் கணக்கில், இ.ஐ.ஆர்.பி. (எல்லாத் திசையிலும் சமமாக வீசும் ஏரியலோடு ஒப்பிட்டுச் சொல்லும் கதிர்வீச்சுத் திறன்) 1 வாட் கிடைக்கவே சுமார் 70 வாட் ஊட்ட வேண்டும். அந்த 70 வாட்டை எந்த ஆம்ப்ளிஃபயரில் எடுப்பது? உள்ளே வரும் அலையை அப்படியே பெரிதாக்கும் லீனியர் ஒன்றை எட்டு மாதம் ஓட்டினேன். இப்போது, டிரான்சிஸ்டரை ஸ்விட்ச் போலப் போட்டு அணைக்கும் கிளாஸ் டி-க்கு மாறிவிட்டேன். மாறியதில் வருத்தமில்லை.

விலையில் பெரிய வித்தியாசம் இல்லை. வாங்கும் மின்சாரத்தில் 85 சதவீதத்துக்கு மேல் கிளாஸ் டி அலையாக்கித் தரும். லீனியர் பாதியைத் தாண்டினாலே அதிகம், மீதி வெப்பம்தான். டர்பனின் பிப்ரவரிப் புழுக்கத்தில் இரவு முழுவதும் அனுப்புகிறவருக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

சுத்தம் என்று வந்தால், 'லீனியர்தான் சுத்தம், கிளாஸ் டி சதுர அலை' என்பார்கள். பாதி உண்மை. சதுர அலையின் மூன்றாவது ஹார்மோனிக் (மூல அலையின் மும்மடங்கு அதிர்வெண்ணில் கூடவே எழும் அலை), மூல அலையைவிட 9.5 டெசிபல்தான் தாழ்ந்திருக்கும். 475.7 கிலோஹெர்ட்ஸுக்கு அது 1427-இல், மத்திய அலை ஒலிபரப்புப் பகுதிக்குள்ளேயே விழுகிறது. முதல் நாள் ஒப்புக்கு ஒரு ஃபில்டரை மாட்டிவிட்டு, கையடக்க வானொலியை 1427-இல் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தேன். நான் அனுப்புவது விஸ்பர் முறையில், அதாவது குறைந்த திறனில் இரண்டு நிமிடத்துக்கு ஒரு குறுஞ்செய்தியாக. அதில் அலை மாறாத வலிமையோடு போவதால் வானொலியில் எந்தச் சத்தமும் வராது. இரைச்சல் அடங்கிவிடும், அவ்வளவுதான். நான்காவது வீட்டு வாசல் வரை அடங்கியே இருந்தது. இரண்டு நிமிடம் முடியும் தறுவாயில் அனுப்புதல் நின்றதும் இரைச்சல் திரும்பி வந்தது. அந்த வீட்டு அக்கா மத்திய அலை கேட்பவராக இருந்திருந்தால் அவர் முகத்தில் விழிக்க முடியாது.

ஆனால் இந்த அழுக்குக்கு மருந்து உண்டு. 550 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வெட்டும் 5 உறுப்பு ஃபில்டர் (சுருளும் கபாசிட்டருமாக ஐந்து), மூன்றாவது ஹார்மோனிக்கை மேலும் 41 டெசிபல் இறக்கும். 7 உறுப்பு என்றால் 58. நான் ஏழுதான் போட்டேன். சிவப்பு இரும்புத்தூள் வளையங்கள், நடுச்சுருள் இரண்டுக்கும் 44 சுற்று, பாலிப்ரோப்பிலீன் கபாசிட்டர்கள். ஃபில்டர் சுருளில்தான் தொடங்க வேண்டும். கபாசிட்டரில் தொடங்கினால், ஸ்விட்சாக இருக்கும் மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் மாறும் ஒவ்வொரு முறையும் அதை நிரப்பவே மின்னோட்டம் பாயும். இதைக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு மாஸ்ஃபெட் செலவானது. இரண்டாவது ஹார்மோனிக்குக்கு வேறு வழி: 951.4 கிலோஹெர்ட்ஸை உண்டாக்கி, ஃப்ளிப்-ஃப்ளாப் சிப்பால் இரண்டாக வகுத்தேன். சதுர அலையின் இரு பாதிகளும் சமமாகிவிட்டால் இரட்டைப்படை ஹார்மோனிக்குகள் தாமாகவே தேய்ந்துவிடும்.

லீனியரின் அழுக்கு வேறு வகை. செய்தியை ஒலியாக்கித் தரும் கணினி, கேபிள், டிரான்ஸீவர், ஆம்ப்ளிஃபயரின் பயாஸ் மின்னழுத்தம் என்று ஒவ்வொன்றும் அன்றன்றைக்குச் சரியாக இருந்தாக வேண்டும். ஒருநாள் இரவு கணினியில் ஒலி அளவு ஏறிக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. டர்பனிலேயே உள்ள ஃபீனிக்ஸிலிருந்து ஓர் அண்ணன் போன் செய்தார்: "தம்பி, உன் அலைக்கு இரண்டு பக்கமும் 50 ஹெர்ட்ஸ் தள்ளி நிழல் விழுகிறது, பார்." விஸ்பருக்கு ஒதுக்கிய இடமே 200 ஹெர்ட்ஸ்தான், அந்த நிழல்கள் மற்றவர்கள் மேல்தான் விழும். எத்தனை உறுப்பு ஃபில்டர் போட்டாலும் அவற்றை எடுக்க முடியாது. நான் கட்சி மாறியது இதனால்தான். கிளாஸ் டி-யின் சுத்தம் சுற்றி முடித்த சுருளில் இருக்கிறது. நாளைக்கும் அங்கேயே இருக்கும். லீனியரின் சுத்தத்தைத் தினமும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

லீனியருக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்லியாக வேண்டும். மழையில் ஏரியலின் ட்யூனிங் நகர்ந்துவிடும். லீனியர் அதைப் பொறுத்துக்கொண்டது. கிளாஸ் டி பொறுக்காது. மின்னோட்டம் எல்லை மீறினால் சப்ளையைத் துண்டிக்கும் சுற்று கட்டாயம் வேண்டும். இன்னும் தாழ்ந்த பேண்டான 136 கிலோஹெர்ட்ஸில் நான் சில இரவுகள்தான் முயன்றிருக்கிறேன். அங்கே சுருளும் கபாசிட்டரும் மூன்றரை மடங்கு பெரிதாகின்றன, என் தீர்ப்பு அங்கே செல்லுமா என்று உறுதியாகச் சொல்லமாட்டேன்.

புதிய ஃபில்டருடன் மறுபடி தெருவில் நடந்தேன். எங்கள் வீட்டு வாசலிலேயே இரைச்சல் அசையவில்லை. லீனியரைப் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர் ஒருவர் வாங்கிக்கொண்டார். பி.எஸ்.கே. என்ற வேறொரு டிஜிட்டல் முறையில் அனுப்புகிறவர், அதில் அலையின் வலிமை ஏறி இறங்குவதால் அவருக்கு லீனியர்தான் பொருந்தும். உள்ளீட்டு அளவுத் திருகில், எங்கே நிறுத்த வேண்டும் என்று சிவப்பு மையால் ஒரு கோடு போட்டுக் கொடுத்திருக்கிறேன்.