கிளிமஞ்சாரோ அடிவாரத்தில் "குடும்பத்தோடு ஒரு நாள்": பணம் கட்டுமுன் படித்துவிடுங்கள்

தான்சானியாவின் மோஷி பக்கம் போகிறவர்கள் கவனத்துக்கு. மலை ஏறாதவர்களைக் குறிவைத்து "சாகா குடும்பத்தோடு முழு நாள்" என்று ஒரு டூர் விற்கிறார்கள். சாகா என்பது அந்த மலையடிவாரத்து மக்களின் இனப்பெயர். தலைக்கு 70 டாலர். மாட்டுக்குத் தீனி வெட்டலாம், வாழைக்காயும் கறியும் சேர்த்து ம்டோரி சமைக்கலாம், வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடலாம் என்று சொல்லி முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார்கள்.

எட்டு மணி வண்டி பத்தரைக்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே ஆட்கள் நிரம்பியிருந்தார்கள். இறக்கிவிட்ட இடம் வீடே இல்லை, ஒரு தகரக் கொட்டகை. காப்பிக்கொட்டையை உரலில் போட்டு, கூடப் பாடச் சொல்லி, இடித்து வறுத்துக் கொடுத்தார்கள். காப்பி பிரமாதம், அதில் குறையில்லை. ஆனால் இது பாதி விலைக்கே ஊரெல்லாம் கிடைக்கிற காப்பி டூர். மதியத்துக்கு ஓட்டல் டப்பாவில் ஆறிப்போன சோறும் ஒரு கோழிக்காலும்.

"குடும்பம் எங்கேப்பா?" என்று விடாமல் கேட்டதும் கைடு பக்கத்துத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு அம்மா, கொட்டிலில் கட்டியிருந்த மாட்டுக்கு வாழைத்தண்டைச் சீவிக்கொண்டிருந்தார். நாங்கள் வருவதே அவருக்குத் தெரியாது. பாவம், கையைத் துடைத்துக்கொண்டு, சுரைக்குடுவையில் ம்பேகே ஊற்றிக் கொடுத்தார். வாழைப்பழமும் கேழ்வரகும் புளிக்கவைத்த கள் அது. புளிப்பும் கசப்புமாக நாக்கில் நின்றது. இங்கிலீஷ் பேசிய அவர் மகளிடம் டூர்க்காரர்கள் எவ்வளவு கொடுப்பார்கள் என்று விசாரித்தேன். எப்போதாவது 5,000 ஷில்லிங்காம். சுமார் இரண்டு டாலர்! அதற்குள் கைடு "நேரமாச்சு" என்று கிளப்பிவிட்டார்.

எனக்கு எரிச்சல் அந்த இரண்டு டாலரில்தான். பெயர் அவர்களுடையது, காசு டவுன் ஆபீசுக்கு.

போகத்தான் போகிறீர்கள் என்றால், எந்த வீடு, அன்றைக்கு இன்னும் எத்தனை பேர், சமைப்பது யார் என்று எழுத்தில் வாங்குங்கள். முன்பணம் கொஞ்சமாகக் கொடுத்து, வீட்டுக்காரர் பங்கை அவர் கையிலேயே கொடுக்க ஒத்துக்கொள்கிறார்களா என்று கேளுங்கள். அங்கே போனிலேயே பணம் அனுப்பும் எம்-பெசா பரவலான புழக்கத்தில் இருக்கிறது, சில்லறை இல்லை என்ற சாக்கெல்லாம் எடுபடாது. இதற்கு இழுக்கிற ஆளிடம் புக் பண்ணாதீர்கள்.

புகார் அனுப்பியதற்கு, ரிவ்யூவை எடுத்துவிட்டால் 20 டாலர் திருப்பித் தருகிறோம் என்று பதில் வந்திருக்கிறது. எடுக்கவில்லை.