அமீன் சயானியின் குரலுக்காக வாங்கிய கேரவான்

சரிகம நிறுவனத்தின் கேரவான் ரேடியோ, இந்திப் பதிப்பு, வாங்கி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பாட்டுக்காக வாங்கவில்லை. ஐயாயிரம் பாட்டு ஏற்றியிருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் பாட்டு இப்போது போனிலேயே கிடைக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது பாட்டுக்கு முன்னால் பேசுகிற மனிதர். இலங்கையின் ரேடியோ சிலோனில் இந்திப் பாட்டு நிகழ்ச்சி நடத்திய அறிவிப்பாளர் அமீன் சயானி. 2024 பிப்ரவரி 20ஆம் தேதி மும்பையில் அவர் மாரடைப்பால் காலமானார், 91 வயது. செய்தியைப் பார்த்ததும் கையில் இருந்த வேலை ஓடவில்லை. அன்று ராத்திரியே மகனிடம், அந்தக் குரல் எதிலாவது முழுசாகக் கிடைக்குமா பாருப்பா என்றேன். அவன் தேடிக் கண்டுபிடித்தது இந்தப் பெட்டி.

வாங்க நினைப்பவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கேரவானில் தமிழுக்குத் தனிப் பதிப்பு, இந்திக்குத் தனிப் பதிப்பு. அமீன் சயானியின் பாட்டு வரிசை நிகழ்ச்சியான கீத்மாலா இருப்பது இந்திப் பதிப்பில்தான். எங்களுக்கு ஆன்லைனில் விற்றவர் முதலில் தமிழ்ப் பெட்டியை அனுப்பிவிட்டார். எம்.எஸ்.வி. பாட்டெல்லாம் அருமையாகப் பாடியது, அமீன் பாயைக் காணோம். திருப்பி அனுப்பி மாற்றி வாங்குவதற்குள் பன்னிரண்டு நாள் போய்விட்டது. ஆர்டர் போடும்போதே இந்திப் பதிப்பா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பெட்டி அந்தக் காலத்து டிரான்சிஸ்டர் மாதிரியே இருக்கிறது, முன்பக்கம் திருப்புவதற்குப் பெரிய குமிழ். இண்டர்நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம், எழுபது எண்பது வயதுக்காரர்கள் தாங்களாகவே போட்டுக் கேட்கலாம். பெட்டியோடு வரும் ரிமோட்டை நாங்கள் எடுப்பதே இல்லை. ஒருமுறை சார்ஜ் போட்டால் ராத்திரி இரண்டு மணி நேரம் வீதம் எங்களுக்கு இரண்டு நாள் வருகிறது. எஃப்.எம். உண்டு, பென்டிரைவும் போடலாம், அதெல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். ஒலியைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும்: பேச்சுக் குரல் ரொம்பத் தெளிவாக வருகிறது. அவர் ஒரு வார்த்தையை முடித்துவிட்டு மூச்சு எடுப்பது கேட்கிறது. தாராவியில் நாங்கள் கேட்டபோது இது கேட்டதே இல்லை.

தாராவியில் அப்பா தோல் பதனிடும் கிடங்கில் வேலை பார்த்தார். ஊர் திருநெல்வேலிப் பக்கம். எட்டுப் பேருக்கு ஒரே அறை, ஜன்னல் கம்பியில் இருந்து துணி காயப்போடும் கொடி வரைக்கும் ஏரியல் ஒயர் இழுத்துக் கட்டியிருந்தது. புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ரேடியோ சிலோன். சிற்றலை என்பதால் சத்தம் ஒரே சீராக நிற்காது, கடல் அலை மாதிரி ஏறும், இறங்கும், நடுவில் ஏதோ ஒரு நாட்டுக்காரன் வேறு பாஷையில் குறுக்கே பேசுவான், அப்பா முள்ளை மயிரிழை அளவு நகர்த்திக்கொண்டே இருப்பார். அப்புறம் திடீரென்று தெளிந்து, ‘பெஹனோ ஔர் பாயியோ’ என்று அந்தக் குரல் வரும். சகோதரிகளே, சகோதரர்களே. அம்மாவுக்கு அப்போது இந்தி சுத்தமாகத் தெரியாது, ஆனால் பெஹன் என்றால் அக்கா தங்கை, பாயி என்றால் அண்ணன் தம்பி என்பது தண்ணீர்க் குழாயடியிலேயே தெரிந்துவிட்டது. “ஏட்டி, பாத்தியா, பொம்பளையள மொதல்ல கூப்பிடுதாரு” என்று ஒருநாள் என்னிடம் சொன்னாள். அதன் பிறகு புதன்கிழமைகளில் சோறு ஏழரைக்கே வடித்தாகிவிடும்.

இந்த நிகழ்ச்சி கொழும்பில் இருந்து ஏன் வந்தது என்பதை இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். 1952இல் பி.வி. கேஸ்கர் மத்திய ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து, ஆகாசவாணியில் அது அடங்கிப்போனது. ரேடியோ சிலோனிடமோ உலகப்போர்க் காலத்துச் சக்திவாய்ந்த டிரான்ஸ்மிட்டர் இருந்தது. பினாகா பற்பசைக்காரர்கள் பணம் போட, அதே 1952 டிசம்பர் 3ஆம் தேதி கீத்மாலா தொடங்கியது. பம்பாயில் பதிவு செய்து, நாடாவை விமானத்தில் கொழும்புக்கு அனுப்பி, அங்கிருந்து அது இந்தியா முழுக்கக் கேட்டது. அமீன் சயானிக்கு அப்போது இருபது வயதுகூட நிறையவில்லை. புதுப் பையன் கிடைத்தால் போதும் என்று வாரம் 25 ரூபாய்க்குப் பிடித்தார்கள். முதல் நிகழ்ச்சிக்கே ஒன்பதாயிரம் கடிதம் வந்ததாகவும், பிற்பாடு வாரத்துக்கு 65,000 வரை போனதாகவும் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவு கடிதத்தையும் பிரித்துப் பார்த்துக் கணக்கெடுக்க வேண்டுமே என்று நினைத்தாலே எனக்கு மலைப்பாக இருக்கிறது.

அதே கொழும்பு நிலையத்தின் தமிழ்ச் சேவையில் மயில்வாகனனும், பின்னாளில் ராஜேஸ்வரி சண்முகமும் அப்துல் ஹமீதும் தமிழ்நாட்டுத் தென்கோடி வீடுகளில் பெற்ற பாசத்தை ஊருக்கு லீவில் போனபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். அத்தை வீட்டில் அந்தக் குரல், எங்கள் வீட்டில் இந்தக் குரல். அதனால் அமீன் பாயின் அருமையைத் தமிழில் சொன்னால் புரியும் என்றுதான் இவ்வளவு எழுதுகிறேன்.

அவருடைய இந்தி. அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 1965இல் ஊரில் இந்தித் திணிப்பை எதிர்த்துப் போராட்டம் நடந்தபோது என் மாமா அதில் அடிபட்டவர். எங்கள் வீட்டில் அந்த வலி உண்டு. அதே வீட்டில், அம்மா அமீன் சயானியிடம் இந்தி கற்றாள், யாரும் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல். காரணம், அவர் பேசியது அரசாங்க அறிவிப்பில் வரும் சமஸ்கிருத இந்தி இல்லை, கடினமான உருதும் இல்லை, காய்கறிக்காரரும் டாக்ஸிக்காரரும் பேசுகிற இந்துஸ்தானி. இது அவர் வீட்டிலேயே பழகியது. அவருடைய அம்மா குல்சும் சயானி, எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்த பெரியவர்களுக்காக ‘ரஹ்பர்’ என்ற பத்திரிகையை நடத்தினார். எளிய இந்துஸ்தானியில், தேவநாகரி, உருது, குஜராத்தி என்று மூன்று எழுத்திலும் வந்த பத்திரிகை அது. சின்ன வயதில் அமீன் அதில் கூடமாட உதவியிருக்கிறார். புதிதாகக் கற்பவருக்குப் புரிகிற மாதிரி ஒரு வாக்கியத்தை எப்படி வைப்பது என்று பத்திரிகை ஒட்டும் வயதிலேயே தெரிந்திருக்கும் போல. கேரவானில் கேட்கும்போது கவனித்துப் பாருங்கள், வாக்கியங்கள் சின்னச் சின்னதாக இருக்கும், பாட்டின் பெயருக்கு முன்னால் ஒரு கணம் நிறுத்துவார், அந்த நிறுத்தத்தில் நாம் ஊகித்துவிடலாம்.

பாட்டு எத்தனையாவது இடம் என்று சொல்ல மாட்டார், எத்தனையாவது ‘பாய்தான்’ என்பார். பாய்தான் என்றால் படி. ஒரு பாட்டு இந்த வாரம் படி ஏறியது, அது இறங்கியது என்று சொல்லும்போது, தெரிந்த பிள்ளை பரீட்சையில் ஏறி இறங்குவது மாதிரி நாங்கள் பதறுவோம். வருடக் கடைசியில் முதலிடம் வரும் பாட்டு ‘சர்தாஜ் கீத்’, அதற்கு முன்னால் பியூகிள் ஊதும். அம்மா ரேஷன் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் படி எண்ணைப் போட்டுப் பாட்டின் முதல் வார்த்தையைத் தமிழில் எழுதி வைப்பாள். அந்த நோட்டு தாராவியில் ஒரு மழையில் போய்விட்டது.

ஒரு குறை உண்டு. இதில் இருப்பது அந்தப் புதன்கிழமை ஒலிபரப்பு அப்படியே அல்ல, பின்னாளில் அவரே பழைய வருடங்களைத் தொகுத்துப் பேசிய பதிவுகள். குரல் கொஞ்சம் முதிர்ந்திருக்கிறது. பற்பசை விளம்பரம், அந்த வாரக் கடிதங்கள், போட்டி முடிவு இதெல்லாம் கிடையாது. 1989இல் நிகழ்ச்சி ஆகாசவாணியின் விவித் பாரதிக்கு மாறி 1994 வரை ஓடியதே, அந்தக் காலத்து வாராந்திரப் பேச்சை எதிர்பார்த்து வாங்குபவர்களும் ஏமாறக்கூடும். ஆனாலும் நாற்பது வருடப் பாட்டுக்கு அவர் வாயாலேயே விளக்கம் கேட்கக் கிடைக்கிறது. ஆறாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் கொடுத்தது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அமீன் பாய், உங்களுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்று அம்மா எத்தனையோ தடவை சொன்னாள். இந்தி எழுத வராது என்று நானும் தள்ளிப்போட்டேன். தமிழில் எழுதிப் போட்டிருந்தாலும் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லியிருப்பீர்கள் என்று இப்போது தோன்றுகிறது.

அம்மாவுக்கு இப்போது 86. ஊரில் என்னோடுதான் இருக்கிறாள், ஒரு காது சரியாகக் கேட்பதில்லை, அதனால் பெட்டியை நல்ல காதுப் பக்கம் ஸ்டூலில் வைத்திருக்கிறோம். போன புதன்கிழமை ராத்திரி மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு போய், “யம்மா, மாத்திரைய முழுங்கிட்டு கேளு” என்றேன். அந்த நேரம் பார்த்து பியூகிள் ஊதியது. அம்மா என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் தூக்கி, பேசாமல் இரு என்று காட்டினாள். நான் டம்ளரோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன்.